இருமினால் ஏன் ஆபத்து?

சிடி ஸ்கேனில் நுரையீரலில் ஒரு கட்டி தெரிகிறது. அது புற்றுநோயா, காசநோயா என்பதைப் படம் மட்டும் உறுதியாகச் சொல்லாது. எனவே மார்பு வழியே ஊசியைச் செலுத்தித் துளியளவு திசுவை எடுக்கிறார்கள். இதுதான் பயாப்சி. அப்போது, “அசையாதீர்கள், இருமாதீர்கள்” என்பார் மருத்துவர். ஏன் தெரியுமா?

ஊசி போட்ட துளையில் காற்று கசிந்து நுரையீரல் சற்றுச் சுருங்குவது அடிக்கடி நடப்பதுதான். பெரும்பாலும் தானே சரியாகிவிடும். ஆயிரத்தில் ஒருவருக்கும் குறைவாக நேரும் ஆபத்து வேறு. ஊசி நுரையீரல் சிரை ஒன்றைத் துளைத்துவிட்டால், காற்று இரத்தத்தில் கலக்கலாம். இருமும்போது நுரையீரலுக்குள் அழுத்தம் கூடி, காற்றை அந்தச் சிரைக்குள் தள்ளும்.

இதயப் பாடத்தை நினைத்துப் பாருங்கள். கை, கால்களின் சிரைகள் இதயத்தின் வலப்பக்கம் சேர்கின்றன. அங்கே புகும் சிறு குமிழிகளை நுரையீரலின் நுண்குழாய்கள் பெரும்பாலும் வடிகட்டிவிடும். நுரையீரல் சிரைகளோ இடப்பக்கம் சேர்கின்றன. அங்கிருந்து குமிழி நேரே மூளைக்கும் இதயத் தசைக்கும் போகலாம். சில மில்லிலிட்டர் காற்றே பக்கவாதத்தையோ மாரடைப்பையோ உண்டாக்கப் போதும்.

உடனே தூய ஆக்சிஜன் கொடுப்பார்கள். இரத்தத்தில் நைட்ரஜன் குறையும். குமிழியிலுள்ள நைட்ரஜன் மெல்ல வெளியேறும். அடுத்து உயரழுத்த அறை. பாயில் விதி தேர்வுக்கு மட்டுமல்ல: அழுத்தம் மும்மடங்கானால் குமிழியின் கன அளவு மூன்றில் ஒரு பங்காகும். ஆழ்கடலில் முக்குளிப்போருக்கு உடலில் குமிழிகள் உண்டானாலும் இதே அறைதான். சிங்கப்பூர்ப் பொது மருத்துவமனையிலும் அப்படி ஓர் அறை இருக்கிறது.