கதைப் பாயில் ஒரு வெருளி

நூலகம் என்றதும் நம்மிற் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது 'அமைதி பேணுக' என்ற அறிவித்தற் பலகைதான். பல வருடங்களுக்கு முன்னர், ஒரு நூலகத்தின் சிறுவர் பகுதியிற் கதை சொல்ல என்னை அழைத்தபோது, அந்தப் பலகையை மனதிலே மாட்டிக்கொண்டுதான் போனேன். நாலைந்து வயதுப் பிள்ளைகள் 15 பேர் பாயில் இருந்தார்கள். மூன்று கதைகளைத் தொடர்ந்து வாசிப்பதாகத் திட்டம். இரண்டாவது கதையின் நடுவில் ஒரு சிறுவன் எழுந்து ஓடினான். "தம்பி, குழப்படி செய்யாமல் இரும்" என்று சற்றுக் கடுமையாகவே சொல்லிவிட்டேன். அவன் இருந்தான், கதை முடியும்வரை நிலத்தையே பார்த்தபடி இருந்தான். அடுத்த வாரம் அவன் வரவில்லை.

நேயர்களே, பிழை என் திட்டத்தில்தான் இருந்தது. நாலு வயதுப் பிள்ளை காதால் மாத்திரமன்றிக் கையாலும் காலாலும் கதை கேட்கிறது. நமது அம்மம்மாமார் இதை நன்கு அறிந்திருந்தார்கள். பாட்டி வடை சுட்ட கதையிலே காகம் கத்தும் இடம் வந்ததும், கத்தும் பொறுப்பைப் பேரப்பிள்ளையிடமே விட்டுவிடுவார்கள்.

பின்னர் நான் கடைப்பிடித்த ஒழுங்கு இதுதான். 3 முதல் 5 வயது வரையான பிள்ளைகளுக்கு அரை மணித்தியாலம் போதும். ஒவ்வொரு வாரமும் அதே பாட்டுடன் தொடங்கி, அதே பாட்டுடன் முடிக்கவேண்டும். பழகிய பாட்டைக் கேட்டால் புதுப் பிள்ளையின் கூச்சம் மெல்ல மெல்லக் குறையும். கவனம் புதிதாக இருக்கும்போதே நீண்ட கதையைச் சொல்லிவிடவேண்டும். அதிலே திரும்பத் திரும்ப வரும் ஒரு சொல்லோ ஒலியோ இருப்பது நல்லது. மூன்றாம் முறை அதைப் பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள். அதன்பின் எல்லோரும் எழுந்து ஆட ஒரு பாட்டு. கடைசியில் ஒரு குட்டிக் கதை.

புத்தகத்தை முதல்நாளே வாய்விட்டு வாசித்துப் பார்க்கவேண்டும். வாசிக்கும்போது அதைப் பக்கவாட்டாக, பிள்ளைகளின் கண்மட்டத்திற் பிடித்து, தாளைக் கீழ் ஓரத்திலிருந்து திருப்பினால் கை படத்தை மறைக்காது. கதை சொல்பவரின் முதுகுக்குப் பின்னால் தெருவாசல் இருக்கக்கூடாது. தெருவிலே போகும் சைக்கிளுடன் எந்தக் கதையும் போட்டியிட முடியாது.

எழுந்து ஆடுவதற்கு நான் தெரிந்தெடுத்தது, 'தங்கத் தாத்தா' நவாலியூர்ச் சோமசுந்தரப் புலவர் (1878–1953) பாடிய 'கத்தரி வெருளி'. பிள்ளைகள் கைகளை விரித்துத் தோட்டத்து வெருளியாக நிற்பார்கள். சில வாரங்களின் பின் அந்தச் சிறுவன் தாயாருடன் வந்தான். வாசற்படியைத் தாண்ட மறுத்தான். பாட்டுத் தொடங்கியதும் படியிலேயே கைகளை விரித்து அசையாமல் நின்றான்.

"நல்ல வெருளி! காகங்கள் எல்லாம் உள்ளேதான் நிற்குது, இங்கே வாரும்" என்றேன். வந்தான்.

கதை முடிந்ததும், சொன்ன புத்தகங்களைப் பாயிலே பரப்பிவிட்டு, 10 நிமிடம் பிள்ளைகளைத் தம்பாட்டில் விடவேண்டும். புத்தகம் பிள்ளையின் கைக்குப் போவதற்காகத்தானே இவ்வளவும்! அன்று அவன் ஒரு புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துப் புரட்டிக்கொண்டிருந்தான். நான் திருத்தவில்லை. மற்றப் பிள்ளைகளும் சத்தமின்றிப் படம் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கதைநேரம் நடத்த விரும்பும் நூலகர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் நான் சொல்வது இதுதான்: அமைதியைத் தொடக்கத்திலேயே கேட்காதீர்கள். ஆடிப் பாடி முடிந்தபின் அது தானாகவே வரும்.