நகையைக் கேட்டார்கள், மசேநிதியைக் கேட்கவில்லை

அக்காவின் மணமுறிவு உறுதியான வாரம், ஈசூன் வீட்டுச் சாப்பாட்டு மேசையைச் சுற்றி உறவினர் கூடியிருந்தோம். தாலிக்கொடி யாரிடம் இருக்கிறது என்பதுதான் பெரியம்மாவின் முதல் கேள்வி. மாமா வீட்டைப் பற்றிக் கேட்டார். மத்திய சேமநிதியைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை.

நான் கேட்டேன்.

“அது அவர் சம்பளத்துல பிடிச்ச காசு தம்பி. அதுல எனக்கு என்ன இருக்கு?” என்றார் அக்கா.

14 ஆண்டுத் திருமணம். இரண்டாவது பிள்ளை பிறந்ததும் அக்கா வேலையை விட்டார். அதன்பின் அவர் மசேநிதிக் கணக்கில் சேர்ந்தது வட்டி மட்டுமே. அத்தானின் கணக்கோ மாதந்தோறும் வளர்ந்தது. அவர் கவலையின்றி இரவு வேலைக்குப் போய்வந்தது வீட்டில் அக்கா இருந்ததால்தான்.

சட்டமும் அதைக் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. மாதர் சாசனத்தின் 112வது பிரிவின்படி, மணவாழ்க்கையின்போது சேர்ந்த மசேநிதி யார் பெயரில் இருந்தாலும் இருவரின் சொத்தாகவே பார்க்கப்படும். பாதிக்குப் பாதி என்று விதி இல்லை. நியாயமான பங்கு எது என்று நீதிமன்றம் பார்க்கும். சமைத்தது, பிள்ளை வளர்த்தது எல்லாம் அதில் சேரும். ஒருவர் மட்டுமே சம்பாதித்த நீண்டகாலத் திருமணங்களில் சமபங்கை நோக்கியே தீர்ப்புகள் சாய்கின்றன என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2017ல் சொன்னது. முஸ்லிம் தம்பதியரின் மசேநிதியை ஷரியா நீதிமன்றமும் பிரித்துத் தரலாம்.

இதைக் கேட்டு அக்கா முகம் மலர்ந்தது. அது வழக்கறிஞரைப் பார்க்கும்வரைதான். பிரித்துத் தரும் மசேநிதி கைக்கு வராது. அவர் கணக்கிலிருந்து அக்காவின் கணக்குக்குப் போகும், அவ்வளவே. வீடு வாங்கப் பயன்படலாம். ரொக்கமாக எடுக்க 55 வயது ஆகவேண்டும், அதற்கும் விதிகள் உண்டு. அக்காவுக்கு அப்போது வயது 41.

வீட்டை விற்றாலும் இதே கதைதான். வீட்டுக்காக எடுத்த மசேநிதிப் பணம், வட்டியோடு அவரவர் கணக்குக்குத் திரும்பிய பிறகுதான் மிச்சம் ரொக்கம். விற்ற விலையைப் பார்த்து மனக்கோட்டை கட்டிய மாமா அமைதியாகிவிட்டார்.

“உங்களுக்குப் பணம் இப்போது வேண்டுமா, பிறகு வேண்டுமா?” என்று வழக்கறிஞர் கேட்டார். அக்கா வீடு விற்ற ரொக்கத்தில் கூடுதலாகவும் மசேநிதியில் குறைவாகவும் பெற்றுக்கொள்ளச் சம்மதித்தார். நானாக இருந்தால் மசேநிதியைத்தான் கூடுதலாகக் கேட்டிருப்பேன். 65 வயதுக்குமேல் மாதாமாதம் வரக்கூடிய தொகை அதிலிருந்துதானே? ஆனால், அடுத்த மாத வாடகையைக் கட்டவேண்டியது நான் இல்லை.

வானொலியில் தங்க விலையைப் பற்றிப் பேசினால் தொலைபேசி ஓயாது. மசேநிதி என்று சொன்னால் நேயர்கள் அடுத்த பாட்டுக்குக் காத்திருப்பார்கள். நானும் அப்படி இருந்தவன்தான்.

எல்லாம் முடிந்து எட்டு மாதம் கழித்து, வேறு எதற்கோ சிங்பாஸ் வழியாக அக்காவின் கணக்கைத் திறந்தோம். அவர் இறந்தால் மசேநிதி யாருக்கு என்ற இடத்தில் அத்தானின் பெயர்! கல்யாணமான புதிதில் செய்த நியமனம். திருமணம் செய்தால் பழைய நியமனம் தானாக ரத்தாகும், மணமுறிவால் ரத்தாகாது. உயில் எழுதியும் மாற்ற முடியாது, ஏனென்றால் மசேநிதி உயிலில் சேராது. பலருக்கும் தெரியாத விஷயம் இது. எங்களுக்கும் தெரியாது.

அன்றிரவே பிள்ளைகள் இருவர் பெயருக்கும் மாற்றினார். 21 வயது நிறைந்த இரண்டு சாட்சிகள் வேண்டும். நானும் என்னோடு பணிபுரியும் ஒலிப்பதிவாளரும் கைப்பேசியிலேயே உறுதிசெய்தோம்.

“எனக்கு ஒரு பங்கும் இல்லையா அக்கா?” என்றேன்.

“சாட்சிக்குக் கிடையாதாம்” என்று சொல்லிவிட்டு, தோசை ஊற்றப் போனார்.