பார்த்துக்கொள்வதும் உழைப்புதான்: காப்பாளர் தன் உழைப்புக்குப் பணம் கேட்கலாமா?



ஸ்ரீமுஷ்ணம் பகுதியில் நாங்கள் குழுக் கூட்டங்களுக்குப் போகும்போது ஒரு கேள்வி அடிக்கடி வருகிறது. "விபத்துல நினைவு தப்பிப் படுத்திருக்கிற வீட்டுக்காரரை நான்தான் பாத்துக்கறேன். நடவுக்கும் போக முடியலை, முந்திரிக்கொட்டை உடைக்கவும் போக முடியலை. அவர் பேர்ல நிலம் இருக்கு, பேங்குல பணம் இருக்கு. அதுலேருந்து எனக்குன்னு ஏதாவது எடுத்துக்கலாமா?"

பதில் இதுதான்: கேட்டு வாங்கலாம், கேட்காமல் எடுக்கக் கூடாது.

நம் குழுவில் தீர்மான நோட்டில் எழுதாமல் ஊக்குநர் பணம் எடுக்க முடியுமா? முடியாது. காப்பாளருக்கு நீதிமன்ற உத்தரவுதான் தீர்மானம். உத்தரவு இல்லாமல் எடுத்தால், நாளைக்குக் கொழுந்தனாரோ நாத்தனாரோ "சொத்தைத் தின்னுட்டா" என்று வழக்குப் போடலாம். காப்பாளர் பொறுப்பே பறிபோகலாம்.

முதலில், காப்பாளர் யார்?

18 வயது முடிந்தவருக்குத் தாயோ மனைவியோ சட்டப்படி தானாகக் காப்பாளர் ஆகிவிடுவதில்லை. நியமன உத்தரவு வேண்டும்.

* ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கு: 1999-ம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, மாவட்ட கலெக்டர் தலைமையிலான குழு காப்பாளரை நியமிக்கும். கடலூரில் உள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரியுங்கள்.
* கோமாவில் இருப்பவர்களுக்கு: இதற்கென்று தனிச் சட்டம் இல்லை. ஐகோர்ட்டை அணுக வேண்டும்.
* 18 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு: 1890-ம் ஆண்டு காப்பாளர் சட்டப்படி மாவட்ட நீதிமன்றம் நியமிக்கும்.

பணம் பற்றிச் சட்டம் என்ன சொல்கிறது?

1890 சட்டம் இரண்டு விஷயம் சொல்கிறது. காப்பாளர் தன் பொறுப்பை வைத்து லாபம் பார்க்கக் கூடாது என்கிறது 20-ம் பிரிவு. அவர் படும் சிரமத்துக்கு நீதிமன்றம் தகுந்தது என்று நினைக்கும் தொகையைத் தரலாம் என்கிறது 22-ம் பிரிவு. ஆக, உழைப்புக்குப் பணம் கேட்பது தப்பில்லை. ஆனால் இது பிள்ளைகளுக்கான சட்டம். பெரியவர்களுக்கு இதை மட்டும் நம்பி இருக்க முடியாது. அதனால் காப்பாளராக நியமிக்கக் கேட்கும் மனுவிலேயே பணத்தையும் சேர்த்துக் கேட்டுவிட வேண்டும்.

2024-ல் சென்னை ஐகோர்ட்டில் ஒரு வழக்கு வந்தது. கோமாவில் இருந்த கணவருக்குக் காப்பாளராக மனைவி மனுப் போட்டார். முதலில் தள்ளுபடி ஆனது. அவர் விடாமல் மேல்முறையீடு செய்தார். இரண்டு நீதிபதிகள் அமர்வு அவரைக் காப்பாளராக நியமித்து, கணவர் சொத்தை விற்கவும் அனுமதித்தது. ரூ.50 லட்சத்தைக் கணவர் பெயரில் வைப்புத் தொகையாகப் போட வேண்டும், அதன் வட்டியை மூன்று மாதத்துக்கு ஒருமுறை மனைவி எடுத்துக்கொள்ளலாம் என்றது. இது சம்பளம் இல்லை. ஆனால் கேட்டால் நீதிமன்றம் வழி செய்கிறது என்பதற்கு இது சாட்சி.

மனுவில் என்ன எழுத வேண்டும்?

1. செலவு வேறு, உழைப்பு வேறு. மருந்து, டயப்பர், ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ எல்லாம் செலவு. இதைத் தனியாக எழுதுங்கள்.
2. குளிப்பாட்டுவது, ஊட்டுவது, புரட்டிப் படுக்க வைப்பது, இரவில் விழித்திருப்பது ஆகியவை உழைப்பு. தினமும் எத்தனை மணி நேரம் என்று எழுதுங்கள்.
3. இதனால் விட்டுப்போன கூலி எவ்வளவு, வெளியாள் வைத்தால் எவ்வளவு ஆகும் என்று காட்டுங்கள்.
4. அவருடைய சொத்து, வருமானம் எவ்வளவு என்று மறைக்காமல் சொல்லுங்கள். அவர் சாப்பாட்டுக்கும் மருந்துக்கும் போக மீதியில்தான் நமக்கு.

கணக்கு நோட்டு

தினமும் வரவு செலவு எழுதி, பில்லை ஒட்டி வையுங்கள். தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி நியமிக்கப்பட்டவர் ஆறு மாதத்துக்குள் சொத்துப் பட்டியல் தர வேண்டும். ஒவ்வொரு நிதியாண்டு முடிந்ததும் மூன்று மாதத்துக்குள், அதாவது ஜூன் கடைசிக்குள், கணக்குக் கொடுக்க வேண்டும். குழுக் கணக்கு எழுதும் நமக்கு இது கஷ்டமே இல்லை.

வக்கீலுக்குப் பணம் இல்லையே?

1987-ம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி, பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச வக்கீல் உண்டு. சிதம்பரம் நீதிமன்றத்தில் உள்ள வட்ட சட்டப் பணிகள் குழுவிலோ, கடலூரில் உள்ள மாவட்ட ஆணையத்திலோ மனுக் கொடுங்கள். 15100 என்ற எண்ணுக்கும் போன் செய்யலாம்.

சொத்தே இல்லாத வீடாக இருந்தால்? அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கும் கடும் ஊனம் உள்ளவர்களுக்கும் தமிழக அரசு மாதந்தோறும் பராமரிப்பு உதவித்தொகை தருகிறது. இதற்குக் கோர்ட்டுக்குப் போக வேண்டாம். மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விண்ணப்பித்தால் போதும்.

அடுத்த குழுக் கூட்டத்தில் இதைப் படித்துக் காட்டுங்கள். உங்கள் தெருவில் இப்படி ஒரு அக்கா இருந்தால், மனு எழுத அவருடன் ஒருவர் துணைக்குப் போங்கள்.