முதுகுப் பைக்காரரும் அவுஸ்திரேலிய மாட்டுப் பண்ணையும்

நானுஓயாவிலும் எல்லவிலும் ரயிலை விட்டு இறங்கும் வெள்ளைக்கார இளைஞர் யுவதிகளை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். முதுகிலே பெரிய பை, காலிலே தூசி பிடித்த சப்பாத்து. "வசதியான வீட்டுப் பிள்ளைகள், வேலைவெட்டி இல்லாம ஊர் சுத்துதுகள்" என்று லயத்தில் பேசிக்கொள்வதும் உண்டு. எல்லோரும் அப்படியல்ல. சிலர் அவுஸ்திரேலியாவில் மாட்டுக்குப் பின்னால் ஓடி, வேலி கட்டி, சாணியில் நின்று உழைத்த காசில் ஊர் பார்க்கிறவர்கள். "பேக்பேக்கர்" என்று இவர்களைச் சொல்வார்கள். அந்தப் பண்ணை வேலை எப்படிப்பட்டது, எங்கள் பிள்ளைகள் அதற்குப் போக முடியுமா என்பதை இம்முறை விளக்க விரும்புகிறோம்.

அவுஸ்திரேலிய அரசாங்கம் 1975இல் ஒரு விசாவைக் கொண்டுவந்தது. வெளிநாட்டு இளைஞர்கள் ஒரு வருடம் வந்து ஊரையும் பார்க்கலாம், செலவுக்கு வேலையும் செய்யலாம். 2005 நவம்பரில் அதிலே ஒரு புதிய வழி வந்தது. நகரத்துக்கு வெளியே தோட்டம், பண்ணை போன்ற இடங்களில் 3 மாதம், அதாவது 88 நாள் வேலை செய்தால் இரண்டாம் வருட விசாவுக்கு விண்ணப்பிக்கலாம். எங்கள் பாஷையில் சொன்னால் 88 பேர் விழவேண்டும். 2019 ஜூலையில் இருந்து இரண்டாம் வருடத்தில் 6 மாதம் இப்படி வேலை செய்தவருக்கு மூன்றாம் வருடமும் கிடைக்கிறது.

மாட்டுப் பண்ணை என்றதும் நாலு மாடு நிற்கும் பட்டியை நினைக்க வேண்டாம். தென் அவுஸ்திரேலியாவில் உள்ள அன்னா கிரீக் பண்ணை 15,000 சதுர கிலோமீற்றருக்கும் மேல். எங்கள் நுவரெலியா மாவட்டத்தை விட எட்டு மடங்குக்கும் கூட! பக்கத்து வீடு என்பதே நூறு கிலோமீற்றர் தள்ளி இருக்கலாம். சுகமில்லை என்றால் வைத்தியர் விமானத்தில் வருவார். அந்தச் சேவை 1928இல் தொடங்கியது. பிள்ளைகளுக்கு 1951இல் இருந்து வானொலி வழியாகப் பாடம் நடத்தினார்கள், இப்போது இணையத்தில் நடத்துகிறார்கள்.

வடக்குப் பக்கத்தில் மழை ஓய்ந்து வெயில் காலம் வந்ததும் மாடு திரட்டும் வேலை தொடங்கும். விடிய முன்னமே பெரட்டு. ஹெலிகொப்டர் மேலே பறந்து பற்றைக்குள் நிற்கும் மாட்டைக் கிளப்பும், கீழே குதிரையிலும் மோட்டார் சைக்கிளிலும் ஆட்கள் ஓட்டிக்கொண்டு போவார்கள். பட்டிக்கு வந்தபின் ஒடுங்கிய வழியால் ஒவ்வொன்றாக விட்டு, கன்றுகளைப் பிரித்து, காதிலே இலக்கத்தகடு குத்தி, சூடு போட்டு, ஊசி ஏற்றுவார்கள். புழுதி, இலையான், வெயில் மூன்றும் சேர்ந்தே இருக்கும்.

புதிதாக வந்த பேக்பேக்கரை உடனே குதிரையில் ஏற்ற மாட்டார்கள். வேலி திருத்துவது, சமையலுக்கு உதவுவது, படலை திறந்து மூடுவதுதான் முதல் வேலை. படலை திறந்து கிடந்தால் திறந்தபடியே விடவேண்டும், மூடிக் கிடந்தால் மூடிவிட்டுப் போகவேண்டும். அங்கே முதலில் சொல்லிக் கொடுப்பது இதைத்தான். இன்னொரு வேலை தண்ணீர் பார்ப்பது. குழாய்க் கிணறுகளும் தொட்டிகளும் பல மைல் தூரத்துக்கு ஒன்றாக இருக்கும். ஒரு பம்பி நின்றதைக் கவனிக்காமல் விட்டால் அந்த வெயிலில் மாடுகள் தாகத்தாலேயே செத்துவிடும். எழுதப் படிக்க மட்டும் பழகிய பட்டணத்துப் பிள்ளைக்கு இது சின்னப் பொறுப்பல்ல.

ஆபத்தும் உண்டு. நாலு சில்லு மோட்டார் சைக்கிள் குடை சாய்ந்து பலர் இறந்திருக்கிறார்கள். அதனால் 2021 ஒக்டோபரில் இருந்து அங்கே விற்கும் புதிய வண்டிகளில் ஆளைக் காக்கும் இரும்புச் சட்டம் கட்டாயம். மாட்டுப் புழுதியால் கியூ காய்ச்சல் என்ற வியாதியும் தொற்றும். அதற்குத் தடுப்பூசி இருக்கிறது. (இங்கே மாடு வளர்ப்பவர்களும் கன்று போடும் நேரத்தில் வெறுங்கையால் தொடாமல், பாலைக் கொதிக்க வைத்துக் குடிப்பது நல்லது.)

சம்பளத்தைப் பார்த்தால், சட்டத்தில் பேக்பேக்கருக்கும் ஊர்க்காரருக்கும் ஒரே அடிப்படைதான். 2025 ஜூலை 1 முதல் மிகக் குறைந்தது மணிக்கு 24.95 அவுஸ்திரேலிய டொலர். வரி முதல் டொலரில் இருந்தே 15 வீதம் போகும். சாப்பாடு, தங்குமிடத்துக்குக் கழிக்கும் பண்ணைகளும் உண்டு.

சட்டம் அப்படி, நடப்பு வேறு. 88 நாளுக்குச் சாட்சி சொல்லவேண்டியவர் பண்ணைக்காரர். "வாயைத் திறந்தால் நாள் போய்விடும்" என்று பயந்து பலர் பேசாமல் இருந்தார்கள். வெறும் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் வேலை வாங்கியதும் நடந்தது. 2015 டிசம்பர் 1 முதல் சம்பளத் துண்டு காட்டினால்தான் நாள் கணக்கில் சேரும் என்று மாற்றினார்கள். 2016இல் அரசாங்கத் தொழில் விசாரணை அலுவலகம் கேட்டபோது, பதில் சொன்ன பேக்பேக்கர்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டோர் சட்டக் கூலிக்குக் குறைவாகவே கிடைத்தது என்றார்கள். பேர் போடுகிறவரின் கையில் எவ்வளவு பலம் இருக்கிறது என்பது எங்களுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. பிரித்தானியக் கடவுச்சீட்டுக்காரருக்கு 2024 ஜூலை முதல் இந்த 88 நாள் நிபந்தனையே இல்லை.

இந்தப் பண்ணைகளைக் கட்டி எழுப்பியவர்களில் அந்த நாட்டு ஆதிக்குடி மக்களுக்குப் பெரும் பங்குண்டு. வேவ் ஹில் என்ற பண்ணை ஓர் ஆங்கிலேயக் கம்பனியின் கையில் இருந்தது. அங்கே கூலிக்குப் பதில் பெரும்பாலும் மாவு, சீனி, தேயிலை, இறைச்சிதான். (அது எந்த மலைக் கொழுந்தோ!) 1966 ஓகஸ்ட் 23இல் வின்சென்ட் லிங்கியாரி தலைமையில் சுமார் 200 பேர் குடும்பத்தோடு வெளியேறினார்கள். முதலில் கூலி கேட்டவர்கள், பிறகு தங்கள் நிலத்தையே கேட்டார்கள். 1975 ஓகஸ்ட் 16இல் பிரதமர் கஃப் விட்லம் அங்கே வந்து, ஒரு பிடி மண்ணை லிங்கியாரியின் கையில் போட்டு நிலத்தின் ஒரு பகுதியை ஒப்படைத்தார்.

இனி எங்கள் பிள்ளைகளின் கதை. இந்த விசா குறிப்பிட்ட சில நாடுகளின் கடவுச்சீட்டுக்காரருக்கு மட்டும்தான். அந்தப் பட்டியலில் இலங்கை இல்லை. ஆகவே "பேக்பேக்கர் விசாவில் மாட்டுப் பண்ணைக்கு அனுப்புறேன், முற்பணம் தாங்க" என்று யார் சொன்னாலும் அது பொய். சேமலாப நிதியையோ தாலிக்கொடியையோ எடுத்துக் கொடுத்துவிட வேண்டாம். வேறு வெளிநாட்டு வேலையென்றாலும், காசு கொடுக்க முன் முகவரின் அனுமதிப்பத்திர இலக்கத்தைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்து அது உண்மையா என்று விசாரிக்கலாம். இலக்கத்தைச் சொல்லத் தயங்குகிற முகவரிடம் கடவுச்சீட்டைக் கொடுக்காதீர்கள். பேச முடியாதவர்கள் நலன்புரி அலுவலகத்துக்கு வந்தால் நாமே எடுத்துக் கேட்டுச் சொல்வோம்.