வலை வெறுமையாக வந்தால் வாவியில் மீன் இல்லையா?

புற்றுநோயைத் தேட உடலைக் கீற வேண்டாம், ஒரு குழாய் இரத்தம் போதும் என்கிற செய்தி கைபேசி வழியே மட்டக்களப்பின் எழுவான்கரைக்கும் படுவான்கரைக்கும் ஒன்றுபோல வந்து சேர்கிறது. இந்தியாவில் 2022ஆம் ஆண்டிலேயே, எந்த அறிகுறியும் இல்லாத பெண்களிடம் மார்பகப் புற்றுநோயைக் கண்டறிவதற்கென்று இப்படியொரு இரத்தப் பரிசோதனை விற்பனைக்கு வந்துவிட்டது. இதன் அடியில் உண்மையான விஞ்ஞானம் இருக்கிறது. ஆனால் அந்த விஞ்ஞானம் நிரூபித்திருப்பது ஒன்று, மக்கள் அதனிடம் எதிர்பார்ப்பது இன்னொன்று. நோய் பரவியிருப்பது ஏற்கெனவே தெரிந்த ஒருவருக்கு, அந்த நோயின் போக்கை அறிய இது துணையாகும். நலமாக இருப்பவருக்கு நோய் இல்லை என்று உறுதி சொல்லவோ, பயொப்சியின் இடத்தைப் பிடிக்கவோ இன்று இதனால் முடியாது. இந்த வேறுபாட்டை இரத்தம் கொடுக்கும் முன்பே அறிந்துகொள்வது நோயாளியின் உரிமை. அறியாமல் போனால் பணம் மட்டுமல்ல, திரும்பக் கிடைக்காத காலமும் போய்விடும்.

புற்றுநோய்க் கட்டியிலிருந்து சில கலங்கள் கழன்று இரத்தத்தில் கலந்து ஓடுகின்றன என்பதை 1869ஆம் ஆண்டிலேயே அவுஸ்திரேலிய வைத்தியர் தோமஸ் அஷ்வேர்த் பதிவு செய்தார். புற்றுநோயால் இறந்த ஒருவரின் இரத்தத்தில், அவரது கட்டிகளில் இருந்தவற்றை ஒத்த கலங்களை அவர் நுணுக்குக்காட்டியில் கண்டார். நோய் ஓர் உறுப்பிலிருந்து இன்னோர் உறுப்புக்குப் பரவுவது பெரும்பாலும் இந்தக் கலங்கள் வழியாகத்தான். பிரச்சினை அவற்றின் எண்ணிக்கை. பரிசோதனைக்கு எடுக்கப்படும் 7.5 மில்லிலீற்றர் இரத்தத்தில் ஏறத்தாழ 3,700 கோடி செங்குழியங்களும் பல கோடி வெண்குழியங்களும் இருக்கும். அவற்றுக்கு நடுவே தேடப்படுவது ஐந்தோ பத்தோ புற்றுநோய்க் கலங்கள். பரவிய நோய் உள்ளவரிடம் கூட சில வேளை ஒன்றும் அகப்படாது. கட்டி சிறிதாக இருக்கும் தொடக்க நிலையில், அதாவது கண்டுபிடிப்பதால் மிகுந்த பயன் இருக்கும் அந்த நேரத்தில், அவை இன்னும் அரிது.

அவற்றைப் பிடிக்கும் முறையை வாவியில் வலை வீசுபவர்கள் எளிதில் விளங்கிக்கொள்வார்கள். மிக நுண்ணிய காந்தத் துகள்களில், புற்றுநோய்க் கலத்தின் மேற்பரப்பிலுள்ள ஒரு குறிப்பிட்ட புரதத்தோடு ஒட்டிக்கொள்ளும் பொருள் பூசப்படும். அந்தப் புரதம் உள்ள கலம் துகளோடு ஒட்டும், காந்தம் அதை இழுத்தெடுக்கும். ஆனால் பரவும் தன்மை கூடிய கலங்கள் சில அந்தப் புரதத்தையே இழந்துவிடுகின்றன. வலைக்கண்ணுக்குச் சிறிய மீன் நழுவுவதுபோல அவை நழுவிப் போகும். வலை வெறுமையாக வந்தது என்பதற்காக வாவியில் மீன் இல்லை என்று எந்த மீனவரும் சொல்வதில்லை. ‘கலங்கள் காணப்படவில்லை’ என்ற அறிக்கையையும் அப்படித்தான் வாசிக்க வேண்டும். இரத்தம் பயணப்படும் விதமும் முக்கியம். பரவலாகப் பயன்படும் முறையில், அதற்கென உள்ள பதப்படுத்தும் குழாயில் எடுத்த இரத்தத்தைக் குளிரூட்டாமல் அறை வெப்பத்தில் வைத்து 96 மணித்தியாலங்களுக்குள் ஆய்வு செய்தாக வேண்டும். மட்டக்களப்பிலிருந்து கொழும்புக்கே முந்நூறு கிலோமீற்றர் தூரம். அங்கிருந்து வெளிநாட்டு ஆய்வுகூடத்துக்குப் போகும் குழாய் எத்தனை மணிக்குப் போய்ச் சேரும், வழியில் எந்த வெப்பத்தில் இருக்கும் என்று கேட்பது நியாயமான கேள்வி.

இனி நிரூபணத்துக்கு வருவோம். 2004இல், பரவிய மார்பகப் புற்றுநோயுள்ள 177 பெண்களிடம் நடந்த ஆய்வு வெளியானது. சிகிச்சை தொடங்குமுன் ஐந்தோ அதற்கு மேலோ கலங்கள் இருந்தவர்களின் இடைநிலை ஆயுட்காலம் ஏறத்தாழ 10 மாதம். அதைவிடக் குறைவாக இருந்தவர்களுக்கு அது 18 மாதங்களைத் தாண்டியது. அதே ஆண்டில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் இம்முறைக்கு அனுமதி அளித்தது. அந்த அனுமதி பரவிய மார்பகப் புற்றுநோயைக் கண்காணிக்க மட்டுமே. பின்னர் குடல், புரோஸ்டேட் புற்றுநோய்களுக்கும் அது விரிந்தது. ஆனால் போக்கை அறிவது வேறு, போக்கை மாற்றுவது வேறு. முதல் கீமோவுக்குப் பிறகும் கலங்கள் குறையாத பெண்களுக்கு உடனே மருந்தை மாற்றிப் பார்த்த அமெரிக்க ஆய்வொன்றின் முடிவு 2014இல் வந்தது. மாற்றியதால் அவர்களின் ஆயுள் கூடவில்லை. எண்ணிக்கையைக் கொண்டு கீமோவா, ஹோர்மோன் சிகிச்சையா என்று தெரிவு செய்யலாம் என்பதற்குப் பின்னர் பிரான்ஸில் நடந்த ஆய்வு ஆதரவு தந்தது. அதுவும் பரவிய மார்பகப் புற்றுநோயில் ஒரு வகைக்கு மட்டுமே. இரத்தத்தில் மிதக்கும் புற்றுநோய் மரபணுத் துணுக்குகளைப் பார்க்கும் பரிசோதனை இதிலிருந்து வேறானது. நுரையீரல் புற்றுநோய்க்கு மருந்து தெரிவு செய்ய அது 2016 முதல் அமெரிக்காவில் அனுமதி பெற்றிருக்கிறது. இரண்டையும் ஒன்றாகக் கலந்து பேசும் விளம்பரத்தை நம்பக் கூடாது.

“முன்கூட்டியே பார்த்தால் நல்லதுதானே, கேடு என்ன?” என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. நூறு நோயாளிகளில் 90 பேரைப் பிடிக்கிற, நலமான நூறு பேரில் 95 பேரைச் சரியாக விட்டுவிடுகிற நல்லதொரு பரிசோதனை இருப்பதாக வைத்துக்கொள்வோம். 10,000 பேரில் 50 பேருக்குத்தான் நோய் என்றால், அது 45 பேரைப் பிடிக்கும். நோயே இல்லாத ஏறத்தாழ 500 பேரையும் சேர்த்துப் பிடிக்கும். ‘உண்டு’ என்ற பதில் பெறும் பன்னிரண்டு பேரில் ஒருவருக்கே உண்மையில் நோய். மற்றப் பதினொரு பேரும் ஸ்கேன், அலைச்சல், கடன், உறக்கமில்லாத இரவுகள் என்று அலைக்கழிவார்கள். தவறவிட்ட ஐந்து பேர் நிலை இதைவிட மோசம். கையில் அறிக்கை இருக்கும் தைரியத்தில் அவர்கள் மார்பிலுள்ள கட்டியையும் வாயிலுள்ள புண்ணையும் பொருட்படுத்தாமல் இருந்துவிடுவார்கள்.

கத்தி பட்டால், ஊசி குத்தினால் நோய் பரவும், அதனால் இரத்தப் பரிசோதனையே மேல் என்பது இன்னொரு வாதம். பயொப்சி ஊசி சென்ற வழியில் கலங்கள் படிவது மிக அரிதாகவே நிகழ்கிறது. அதற்கு அஞ்சி நோயின் வகை அறியாமல் இருப்பதுதான் பெரிய ஆபத்து. எந்த மருந்து என்பதைத் தீர்மானிக்கக் கட்டியின் இழையம் வேண்டும். இரத்தத்தில் ஏதும் தென்பட்டாலும் கடைசியில் பயொப்சி செய்தே ஆக வேண்டும். தூரத்தைச் சொல்பவர்களின் கவலை நியாயமானது. 2014இல் மண்முனைப் பாலம் திறந்த பிறகும், அம்பிளாந்துறையிலிருந்து குருக்கள்மடத்துக்குப் படகுப் பாதையில் ஏறி வாவியைக் கடப்பவருக்கு ஒரு நாள் கூலி போய்விடும். ஆனால் நமக்கு மிக வேண்டிய பரிசோதனைகள் எளியவை. இலங்கை ஆண்களிடம் முதலிடத்தில் இருப்பது வாய்ப் புற்றுநோய். வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை சேர்த்து மெல்லும் வழக்கம் அதன் முக்கிய காரணம். அது வருமுன் பெரும்பாலும் கன்னத்தின் உட்புறத்தில் வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு தெரியும், காரம் பட்டால் எரியும், வாய் வரவர அகலத் திறக்காது. இதைப் பார்க்க ஒரு விளக்கும் சிறு கண்ணாடியும் போதும். அரச வைத்தியசாலையின் பற்சிகிச்சைப் பிரிவில் காசில்லாமல் பார்ப்பார்கள். பெண்களுக்கு 1996 முதல் நடக்கும் சுகவனிதையர் கிளினிக்கில் மார்பகப் பரிசோதனையும் கருப்பைக் கழுத்துக்கான பாப் பரிசோதனையும் இலவசம். எப்போது, எங்கே என்று பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் கேட்டாலே தெரியும்.

இவ்வளவுக்குப் பிறகும் ஒருவர் இந்தப் பரிசோதனையைச் செய்ய விரும்பலாம், அல்லது சிகிச்சை அளிக்கும் வைத்தியரே பரிந்துரைக்கலாம். அப்போது இரத்தம் கொடுக்கும் முன் நான்கு கேள்விகளுக்கு விடை பெறுவது உரிமை. இது எந்த நோய்க்கு, எந்த நிலைக்கு என்று அனுமதி பெற்றது? முடிவு எப்படி வந்தாலும் என் சிகிச்சையில் எது மாறும்? மொத்தச் செலவு எவ்வளவு? மிஞ்சும் இரத்தமும் தரவும் யாரிடம் போகும்? இரண்டாம் கேள்விக்கு ‘ஒன்றும் மாறாது’ என்பது பதிலானால், அந்தப் பணத்தைப் போக்குவரத்துக்கும் சத்துணவுக்கும் வைத்துக்கொள்ளலாம். 2022இன் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலத் தரவையும் மரபணுத் தரவையும் விசேட வகையாகக் கருதுகிறது. சம்மதப் படிவத்தை விளங்கும் மொழியில் கேளுங்கள். விளங்காத மொழியிலுள்ள படிவத்தில் இடும் கையொப்பம் சம்மதம் ஆகாது. அரச நிறுவனம் தமிழில் தர மறுத்தால் அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு எழுதலாம்.

தவறு நடந்துவிட்டால் முறையிட வழிகள் உண்டு. 2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டப்படி தனியார் வைத்தியசாலைகளும் ஆய்வுகூடங்களும் பதிவு செய்திருக்க வேண்டும். அவை பற்றிய முறைப்பாட்டைத் தனியார் சுகாதார சேவைகள் ஒழுங்குபடுத்தல் சபை ஏற்கும். பரிசோதனைக் கருவியின் பதிவு பற்றித் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகார சபையிடமும், வைத்தியரின் நடத்தை பற்றி இலங்கை மருத்துவ சபையிடமும், பொய் விளம்பரம் பற்றி நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்திலும் கேட்கலாம். அரச நிறுவனத்திடமிருந்து தகவல் வேண்டுமானால், 2016ஆம் ஆண்டின் தகவலறியும் உரிமைச் சட்டப்படி 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். உயிர் சம்பந்தப்பட்ட தகவலென்றால் 48 மணித்தியாலம். நீதிமன்றமும் உண்டு, ஆனால் அது கடினமான பாதை. மூளைக் கட்டியால் இறந்த ஒரு குழந்தை தொடர்பான வழக்கில் 2001இல் உயர் நீதிமன்றம், கவனக்குறைவு இருந்தும் அதனாலேயே மரணம் நேர்ந்தது என்று நிறுவப்படவில்லை எனக் கூறி, கீழ் நீதிமன்றங்கள் தந்தைக்கு வழங்கிய நட்டஈட்டை நீக்கியது. நட்டஈட்டு வழக்கை இரண்டு ஆண்டுகளுக்குள் தொடர வேண்டும் என்பதும் நினைவிருக்கட்டும். எனவே ஒவ்வொரு பற்றுச்சீட்டையும், படிவத்தின் பிரதியையும், அறிக்கையையும், வந்த விளம்பரத்தின் படத்தையும் திகதியோடு ஒரே கோப்பில் வையுங்கள்.

இந்த விஞ்ஞானம் வளரும், வளரவும் வேண்டும். நாளை அது தொடக்க நிலை நோயையும் நம்பத்தக்க விதத்தில் காட்டக்கூடும். முறையான ஆய்வில் காசு கொடுக்காமல், முழு விளக்கத்தோடு பங்குபற்ற வாய்ப்பு வந்தால் அது வரவேற்கத்தக்கது. நிரூபணம் வரும்வரை, இரண்டு வாரம் தாண்டியும் ஆறாத வாய்ப்புண்ணுக்கும், மார்பில் புதிதாகத் தட்டுப்படும் கட்டிக்கும் செய்ய வேண்டியது ஒன்றுதான். அடுத்த கிளினிக் நாளிலேயே போய் வைத்தியரிடம் காட்டுங்கள், அவர் சொன்னால் பயொப்சி செய்துகொள்ளுங்கள்.