மிளகுக்குப் போட்ட ரூபாய் வேலி: மதிப்பு சரியச் சரியத் தாழ்கிறது

புதுதில்லி: தலைநகரில் மத்திய வர்த்தக அமைச்சகம் வெளியிடும் ஓர் அறிவிக்கை, குமுளியிலும் வண்டன்மேட்டிலும் ஒரு பருவத்தின் வரவு செலவையே மாற்றிவிடக் கூடியது. பாதிக்கப்படுவோர் இடுக்கி மாவட்ட விவசாயிகள் மட்டுமல்லர். கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாகத் தோட்ட வேலைக்கு மலையேறும் தேனி மாவட்டத் தொழிலாளர்களின் கூலியும் மிளகு, ஏலக்காய் விலையோடு பிணைந்தது.

இறக்குமதிக் கட்டுப்பாட்டுக்கும் நாணயத்துக்கும் உள்ள உறவு பழையது. அந்நியச் செலாவணி பற்றாக்குறையால் தவிக்கும் வளரும் நாடு, இறக்குமதியின் அளவுக்கு வரம்பு விதிக்க உலக வர்த்தக விதிகள் இடம் தருகின்றன. அந்தச் சலுகையை இந்தியா நீண்ட காலம் பயன்படுத்தியது. 1991இல் கையிருப்பு வற்றியபோது தங்கத்தை அடகு வைத்த மத்திய அரசு, ஜூலை மாதத்தில் இரு தவணைகளாக ரூபாயின் மதிப்பையும் குறைத்தது.

ஆறே ஆண்டுகளில் காட்சி மாறியது. 1997 நவம்பரில் கையிருப்பு 2,510 கோடி டாலரை எட்டியிருந்தது. 1,600 கோடி டாலரே போதுமானது என்று சர்வதேச நிதியம் கணித்தது. அமெரிக்கா தொடுத்த வழக்கில் 1999இல் இந்தியா தோற்றது. 2001 ஏப்ரல் 1 முதல், எஞ்சியிருந்த 715 பொருள்கள் மீதான அளவுக் கட்டுப்பாடும் அகன்றது. நாட்டைக் காத்த டாலர் கையிருப்பே, கட்டுப்பாட்டை விலக்கவும் காரணமாயிற்று.

அதன் பின் எஞ்சிய காப்பு சுங்க வரிதான். மிளகுக்கு அது 70 சதவீதம். ஆனால் இலங்கையுடனான தடையற்ற வர்த்தக ஒப்பந்தம் 2000இல் நடைமுறைக்கு வந்தது. அங்கிருந்து ஆண்டுக்கு 2,500 டன் வரை வரியின்றி வரலாம். அதற்கு மேல் தெற்காசிய ஒப்பந்தப்படி 8 சதவீத வரியே. 2010இல் நடைமுறைக்கு வந்த ஆசியான் ஒப்பந்தமோ, வியத்நாம் மிளகு மீதான வரியை 2019க்குள் 50 சதவீதமாகக் குறைக்க வகை செய்தது. இந்த ஒப்பந்தத்தை எதிர்த்து 2009 அக்டோபர் 2ஆம் தேதி கேரளத்தில் இடதுசாரிகள் மனிதச் சங்கிலி அமைத்தனர்.

பாலக்காட்டு எல்லையின் தென்னை விவசாயிகளுக்கும் இதே நிலைதான். 2007இல் கொச்சித் துறைமுகம் வழியாகப் பாமாயில் இறக்குமதிக்குத் தடை வந்தது. பிற மாநிலத் துறைமுகங்களில் இறங்கிய எண்ணெய்க்கு அந்தத் தடை பொருந்தவில்லை. 2008இல் விலைவாசியைக் கட்டுப்படுத்த, கச்சாப் பாமாயில் மீதான வரியே நீக்கப்பட்டது. நகரத்து நுகர்வோருக்குக் கிடைத்த நிவாரணம், கொப்பரை விற்பவருக்குப் போட்டியாக முடிந்தது.

வியத்நாம் மிளகு இலங்கைச் சான்றிதழோடு வருகிறது என்ற புகார் வலுத்ததை அடுத்து, 2017 டிசம்பரில் மத்திய அரசு கிலோவுக்கு 500 ரூபாய் எனக் குறைந்தபட்ச இறக்குமதி விலையை நிர்ணயித்தது. 2018 மார்ச்சில், அதற்குக் குறைந்த விலையில் இறக்குமதிக்கே தடை விதிக்கப்பட்டது. மிளகை வாங்கிப் பதப்படுத்தி ஏற்றுமதி செய்வோருக்குப் பின்னர் விலக்கும் தரப்பட்டது. ஆயினும் விலை உடனே மீளவில்லை. 2018 வெள்ளமும் விலைச் சரிவும் கடனும் சேர்ந்து நெருக்க, 2019 தொடக்கத்தில் இடுக்கியிலிருந்து விவசாயிகள் தற்கொலைச் செய்திகள் வந்தன. கடன் வசூலை அந்த ஆண்டு இறுதிவரை நிறுத்திவைக்க மாநில அரசு முடிவெடுத்தது.

இந்த வேலியின் பலவீனம் அது ரூபாயில் கட்டப்பட்டதே. 2017 இறுதியில் டாலரின் மதிப்பு ஏறத்தாழ 64 ரூபாய். அன்று 6 டாலர் விலையுள்ள மிளகு 384 ரூபாய்க் கணக்கில் தடைக்குள் அகப்படும். 2024 டிசம்பரில் டாலர் 85 ரூபாயைத் தாண்டியபோது, அதே 6 டாலர் மிளகு 510 ரூபாயாகி வேலியைக் கடந்துவிடும். 2023இல் உள்நாட்டு விலை கிலோ 600 ரூபாயைத் தாண்டியிருந்த நிலையில், 500 ரூபாய் வரம்பு பெயரளவுக் காவலே.

ரூபாய் சரிந்தால் இறக்குமதி விலை ஏறி உள்நாட்டு விளைச்சலுக்குக் காப்பு கிடைக்கும் என்பது பொதுக் கணக்கு. போட்டி நாட்டின் நாணயம் அதைவிட வேகமாகச் சரிந்தால் இந்தக் கணக்கு பொய்த்துவிடும். 2022இல் இலங்கை ரூபாய் சில மாதங்களில் டாலருக்கு 200 என்ற நிலையிலிருந்து 350ஐத் தாண்டி வீழ்ந்தது இதற்குச் சான்று.

வர்த்தக ஒப்பந்தங்களுக்கு நாடாளுமன்றத்தின் முன் ஒப்புதல் சட்டப்படி கட்டாயமில்லை. எனவே கையெழுத்தான பின்னரே அவையில் கேள்வி எழுகிறது. குறைந்தபட்ச விலையை டாலர் மதிப்போடு இணைத்து ஆண்டுதோறும் மறுநிர்ணயம் செய்வதற்கு எந்த ஒப்பந்தத்தையும் முறிக்க வேண்டியதில்லை என்றாலும், ஏற்றுமதியாளர், நுகர்வோர் நலனையும் எடைபோட்டே அதைச் செய்ய இயலும். அந்த எடைபோடுதல் அமைச்சக அறையில் முடியாமல், எல்லைத் தோட்டங்களின் பிரதிநிதிகள் அமர்ந்திருக்கும் அவையில் நடக்க வேண்டும்.