கிளட்ச் வழுக்கினால்: பழைய காருக்குச் செலவிடும் முன்

திருவனந்தபுரத்தில் கிழக்கேகோட்டை வழியாகக் காரோட்டிச் செல்பவர்களுக்கு இடது காலின் உழைப்பைப் பற்றி எடுத்துச் சொல்லத் தேவையில்லை. நகரப் பேருந்துகள், சாலை பஜாருக்குச் சரக்கு கொண்டுவரும் வண்டிகள், ஆட்டோக்கள், பத்மநாபசுவாமி கோயிலுக்குச் செல்லும் பக்தர்கள் என எல்லோரும் கூடும் இடம் அது. பத்தடி நகர்ந்து நிற்பதும் மீண்டும் நகர்வதுமாகவே பயணம் அமைகிறது. நகரமோ மேடும் பள்ளமுமானது. இத்தகைய ஓட்டத்தில் காரின் பாகங்களில் மிகுதியாகத் தேய்வது கிளட்ச்.

எஞ்சினின் சுழற்சியைக் கியர்பாக்ஸுக்குக் கொடுப்பதும், வேண்டும்போது துண்டிப்பதும் கிளட்ச்சின் வேலை. எஞ்சினோடு சுழலும் ஃபிளைவீலுக்கும் பிரஷர் பிளேட்டுக்கும் இடையே உராய்வுப் பூச்சுள்ள கிளட்ச் பிளேட் இறுக்கிப் பிடிக்கப்பட்டிருக்கும். நாம் பெடலை மிதித்தால் ரிலீஸ் பேரிங் முன்னே நகர்ந்து அந்தப் பிடியைத் தளர்த்தும். காலை எடுத்தால் பிடி மீண்டும் இறுகும். ஒவ்வொரு முறை வண்டி கிளம்பும்போதும் பிளேட் சிறிது உராய்ந்தே முழுப் பிடிக்கு வருகிறது. ஆகவே தேய்மானம் இயல்பானது. எது தேய்ந்தது என்று அறியாமல் செலவு செய்வதுதான் தவிர்க்க வேண்டியது.

1983 டிசம்பரில் விற்பனைக்கு வந்து, 2014 ஜனவரியில் உற்பத்தி நின்ற மாருதி 800 காரை எடுத்துக்கொள்வோம். அதில் பெடலையும் கிளட்ச்சையும் இணைப்பது ஒரு கேபிள். பெடலை விரலால் அழுத்தினால், எதிர்ப்பு தோன்றுவதற்கு முன் சிறிது தூரம் அது தளர்வாக இறங்க வேண்டும். பிளேட் தேயத் தேய இந்தத் தளர்வு குறையும். தளர்வே இல்லாமற் போனால், நாம் காலை எடுத்த பின்னும் பேரிங் பிரஷர் பிளேட்டை அழுத்திக்கொண்டே இருக்கும். நல்ல பிளேட்டும் வழுக்கத் தொடங்கும். எனவே முதற்சோதனை இதுவே. கேபிளின் திருகைச் சரிசெய்வது சில நிமிட வேலை. கியர்பாக்ஸை இறக்குவதோ பெரும்பாலும் ஒரு நாள் வேலை. சரியான அளவு காரின் கையேட்டில் இருக்கும்.

தளர்வு சரியாக இருந்தும் குறை நீடித்தால், அறிகுறிகளைத் தனித்தனியே பார்க்க வேண்டும்.

மேட்டில் ஏறும்போது எஞ்சினின் இரைச்சல் கூடியும் வேகம் கூடாவிட்டால், அது வழுக்கல். கருகிய வாடையும் உடன் வரலாம். இதை உறுதிசெய்ய, முன்னே ஆளில்லாத சமதளத்தில் காரை நிறுத்தி, கைபிரேக்கை இழுத்து, கால்பிரேக்கையும் அழுத்திக்கொண்டு, மூன்றாம் கியரில் கிளட்ச்சை மெல்ல விடலாம். எஞ்சின் உடனே நின்றுவிட்டால் பிடி நன்றாக இருக்கிறது. நிற்காமல் ஓடினால் வழுக்குகிறது. ஒரு முறைக்கு மேல் இதைச் செய்யக் கூடாது. பிளேட் சூடேறிக் கெடும்.

பெடலை முழுவதும் மிதித்தும் கியர் விழாமல் முரண்டு பிடித்தால், குறிப்பாக ரிவர்ஸ் கியர் கரகரத்தால், பிடி முழுமையாக விடவில்லை என்று பொருள். கேபிள் நீண்டிருக்கலாம், ஹைட்ராலிக் அமைப்புள்ள கார்களில் எண்ணெய் கசிந்திருக்கலாம் அல்லது காற்று புகுந்திருக்கலாம். இவற்றுக்கும் கியர்பாக்ஸை இறக்க வேண்டியதில்லை.

கிளம்பும்போது கார் குலுங்கினால் பிளேட்டில் எண்ணெய் பட்டிருக்கலாம். ஆனால் எஞ்சினைத் தாங்கும் ரப்பர் மவுன்ட் கிழிந்திருந்தாலும் இதே குலுக்கல் வரும். அதை முதலில் பார்ப்பது நல்லது. பெடலை மிதிக்கும்போது ஒலி எழுந்தால் ரிலீஸ் பேரிங்கைச் சந்தேகிக்கலாம். மிதித்தவுடன் ஒலி மறைந்தால், குறை கியர்பாக்ஸின் உள்ளே இருக்கக்கூடும்.

இத்தனைக்கும் பிறகு பிளேட்தான் தேய்ந்தது என்று தெரிந்தால், கியர்பாக்ஸை இறக்கியே ஆக வேண்டும். செலவில் பெரும்பங்கு அந்த உழைப்புக்கே போகிறது. ஆகவே பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் ஒருசேர மாற்றுவதே சிக்கனம். பேரிங்கை மட்டும் விட்டுவைத்து மிச்சம் பிடித்தால், சில மாதங்களில் அதே கூலியை இரண்டாம் முறை கொடுக்க நேரலாம். எஞ்சினின் பின்புற எண்ணெய் சீலையும் அப்போதே பார்க்கச் சொல்ல வேண்டும். அது கசிந்தால் புதிய பிளேட்டும் வீணாகும். ஃபிளைவீலின் முகத்தில் வெடிப்போ, வெப்பத்தால் நீலம் பாய்ந்த தடமோ உண்டா என்பதையும் கவனிக்க வேண்டும். பழைய பிளேட்டுகளின் பூச்சில் கல்நார் இருந்திருக்கக்கூடும் என்பதால், அந்தத் தூசியைக் காற்றடித்துப் பறக்கவிடாமல் ஈரத் துணியால் துடைக்கச் செய்வது எல்லோருக்கும் நல்லது.

பட்டறையில் வேலை தொடங்கும் முன், உதிரிபாக விலையையும் கூலியையும் தனித்தனியே எழுதி வாங்குவோம். கழற்றிய பழைய பாகங்களைக் கேட்டுப் பார்ப்போம். வழக்கமான மோட்டார் காப்பீடு தேய்மானத்தையும் இயந்திரப் பழுதையும் ஏற்பதில்லை. இந்தச் செலவு நம் கையிலிருந்தே போக வேண்டும். பழைய கார் வைத்திருப்பவர்கள் மாதந்தோறும் சிறு தொகையைத் தொடர் வைப்பில் சேர்த்துவந்தால், கிளட்ச் கைவிடும் நாளில் கடன் தேட வேண்டிவராது. காருக்கு 15 வயது நெருங்குகிறதென்றால் பதிவைப் புதுப்பிக்கும் செலவையும், அதற்கான தகுதிச் சோதனையில் கார் தேறுமா என்பதையும் சேர்த்துக் கணக்கிட்ட பிறகே பெரிய பழுதுக்குப் பணம் போடுவது அறிவுடைமை.

புதிய கிளட்ச்சின் ஆயுள் நம் காலடியில் இருக்கிறது. சிக்னலில் காத்திருக்கும்போது நியூட்ரலில் நிறுத்துவோம். மேட்டில் காரைக் கிளட்ச்சால் தாங்காமல் கைபிரேக்கால் தாங்குவோம். கியர் மாற்றாத நேரத்தில் இடது காலைப் பெடலின் மேல் வைக்காமல் தரையில் வைப்போம். செலவில்லாத இந்த மூன்று பழக்கங்கள் அடுத்த பட்டறைச் செலவைப் பல ஆண்டுகள் தள்ளிப்போடும்.